நீராவி இன்ஜின் மாடலுக்குப் பெயிண்டும் நுணுக்க வேலையும்: கொலுவுக்கு வந்தவர்கள் கேட்ட கேள்விகள்

எங்கள் வீட்டில் நவராத்திரியின்போது கொலுப்படிக்குப் பக்கத்தில் எட்டடிக்கு நாலடி பிளைவுட் பலகை ஒன்றும் இடம் பிடித்துக்கொள்ளும். அதில் ஒரு நீராவி இன்ஜின் சரக்கு வண்டியை இழுத்துக்கொண்டு சுற்றும். சுண்டல் தொன்னையோடு வந்து நிற்பவர்கள் கேட்கும் கேள்விகள் வருஷா வருஷம் ஏறக்குறைய அதேதான். கொலு முடிந்ததும் இரண்டு மூன்று பேர் தாங்களும் ஒரு இன்ஜினை வாங்கி, பாதி வேலையில் மாட்டிக்கொண்டு, திரும்ப வந்து கேட்பார்கள். எளிய கேள்வியில் தொடங்கி வில்லங்கமானது வரை இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

பொம்மை ரயில்தானே சார், கடையிலேயே பெயிண்ட் அடிச்சுத்தானே வருது? மறுபடி எதுக்கு?

கடையிலிருந்து வரும் இன்ஜின் பளபளவென்று இருக்கும். கொதிகலன், சக்கரம், கூரை எல்லாம் ஒரே கருப்பு, ஒரே மினுமினுப்பு. நிஜ இன்ஜின் நெருப்பு, தண்ணீர், எண்ணெய், சாம்பல் நாலும் தினமும் புழங்கும் இடம். அந்தப் புழக்கம் அதன் மேல் தெரிய வேண்டும். அதற்காகத்தான் இந்த வேலை. பளபளப்பே பிடித்திருந்தால் அப்படியே ஓட்டுங்கள், குற்றமில்லை.

எச்ஓ, ஓஓ, என் அப்படின்னு என்னென்னவோ சொல்றீங்களே, எதை வாங்கணும்?

இவையெல்லாம் மாடலின் அளவுகளுக்கு வைத்த பெயர்கள். எச்ஓ என்றால் நிஜத்தில் 87இல் ஒரு பங்கு. தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மி.மீ. ஓஓ என்பது பிரிட்டிஷ் வழக்கம். 76இல் ஒரு பங்கு, கொஞ்சம் பெரியது, ஆனால் ஓடுவது அதே 16.5 மி.மீ. பாதையில். “என்” (N என்ற ஆங்கில எழுத்து) என்பது மிகச் சிறியது, 9 மி.மீ. பாதை.

முதன்முதலாகக் கைவைக்கிறவர்களுக்கு எச்ஓ அல்லது ஓஓதான் என் சிபாரிசு. அந்த “என்” அளவில் ஒரு கைப்பிடிக் கம்பியை ஒட்டுவதற்குள் கண் பிதுங்கிவிடும். எச்ஓ எடுத்தால் ஒரே கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: நிஜத்தில் 87 மி.மீ. இருப்பது மாடலில் 1 மி.மீ. கீழே பல இடங்களில் இது வரும்.

நம்ம ஊர் இன்ஜின் மாதிரியே இருக்கே, இது எந்த இன்ஜின்?

டபிள்யூஜி. இந்திய ரயில்வேயின் பெயர்சூட்டலில் டபிள்யூ என்றால் அகலப்பாதை, ஜி என்றால் சரக்கு. முன்னால் இரண்டு சிறு சக்கரம், நடுவில் எட்டு பெரிய சக்கரம், டிரைவர் நிற்கும் கேபினுக்குக் கீழே இரண்டு. சித்தரஞ்சன் தொழிற்சாலையில் 1950இல் உருவான முதல் இன்ஜின் இந்த வகைதான், பெயர் தேசபந்து. அங்கே கடைசி டபிள்யூஜி 1970இல் முடிந்தது, அதற்கு வைத்த பெயர் அந்திம் சிதாரா, கடைசி நட்சத்திரம். வேறு தொழிற்சாலைகளில் செய்தவற்றையும் சேர்த்து மொத்தம் 2450 இன்ஜின்கள்.

என்னிடம் இருப்பது உண்மையில் பழையதாக வாங்கிய ஓர் அமெரிக்க மிக்காடோ மாடல். முதல் உலகப்போர்க் காலத்தில் அங்கே வகுத்த பொது வடிவம் அது. அதற்கும் அதே 2-8-2 சக்கர அமைப்பு. டபிள்யூஜியின் பெரிய சக்கரம் 1562 மி.மீ. விட்டம், மிக்காடோவினுடையது 1600. 87ஆல் வகுத்தால் வித்தியாசம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. மேலே இருந்த மணியை அறுத்தெடுத்தேன். முகப்பை மாற்றி, வண்டிகள் முட்டும் அதிர்ச்சியைத் தாங்கும் இரண்டு பஃபரும் திருகு கொக்கியும் வைத்தேன், ஹெட்லைட்டை இடம் மாற்றினேன். அச்சு அசல் டபிள்யூஜி என்று சொல்ல மாட்டேன், அதன் சாயல். ரயில்வேயில் வேலை பார்த்த ஒரு பெரியவர் பார்த்ததும் “டபிள்யூஜியா?” என்று கேட்டார். எனக்கு அது போதும்.

அகலப்பாதை இன்ஜின்னா பாதையும் அகலமா இருக்கணுமே? இது சின்னதா இல்ல?

கூர்மையான கண். நம் அகலப்பாதை 1676 மி.மீ. எச்ஓ அளவில் அது 19.2 மி.மீ. வர வேண்டும். கடையில் கிடைக்கும் பாதை 16.5 மி.மீ., அதாவது ஐரோப்பாவின் 1435 மி.மீ. பாதைக்கானது. ஏறக்குறைய 2.7 மி.மீ. குறைகிறது. சக்கரத்தை விரித்து, பாதையையும் தானே செய்கிறவர்கள் உண்டு. நான் அந்த வழிக்குப் போகவில்லை. பக்கவாட்டில் பார்க்கும்போது இது தெரியவே தெரியாது, நேர் எதிரே குனிந்து பார்த்தால்தான் தெரியும்.

அங்கே கண்ணை ஏமாற்ற ஒரு வழி இருக்கிறது, பஃபர். இந்திய அகலப்பாதையில் இரண்டு பஃபர்களின் நடுப்புள்ளிகளுக்கு இடையே 1956 மி.மீ., ஐரோப்பாவில் இதைவிடக் குறைவு. ஐரோப்பிய மாடலின் பஃபர் பலகையை அப்படியே ஒட்டாமல், 22.5 மி.மீ. இடைவெளியில் நீங்களே துளை போட்டு வையுங்கள். முகம் உடனே அகலமாகிவிடும், பாதை குறுகல் என்பது மறந்துபோகும்.

முதல்ல பெயிண்ட் அடிக்கணுமா, முதல்ல ஒட்டணுமா?

முதலில் ஓட்டிப் பார்க்கணும். அரை மணி நேரம் முன்னும் பின்னும் ஓட்டுங்கள். மோட்டார் திணறுகிறதா, சக்கரம் தள்ளாடுகிறதா என்று பாருங்கள். ஓடாத இன்ஜினுக்குப் பெயிண்ட் அடிப்பது, ஒழுகுகிற வீட்டுக்கு வெள்ளையடிப்பது போல.

அப்புறம் பிரிப்பது, ஒட்டுவது, கழுவுவது, பிரைமர் என்ற அடிப்பூச்சு, பெயிண்ட், எண், அழுக்கு என்று போகலாம். இதில் பலரும் தவறவிடுவது கழுவுவதை. பிளாஸ்டிக் உடலைப் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் பழைய பல்துலக்கியால் தேய்த்து, அலசி, ஒரு ராத்திரி காயவிடுங்கள். அதன் பிறகு வெறும் கையால் தொடக் கூடாது. என் முதல் இன்ஜினில் கொதிகலனின் ஒரு பக்கம் மட்டும் பெயிண்ட் தோலாக உரிந்தது. உற்றுப் பார்த்தால் கட்டைவிரல் வடிவம்! வடை தின்ற கையா என்று வீட்டில் கேட்டார்கள். பதில் சொல்லவில்லை.

பிரிக்கும்போது உடைஞ்சுட்டா என்ன பண்றது?

பெரும்பாலும் உடலைப் பிடித்திருப்பது அடியில் இருக்கும் இரண்டு மூன்று திருகாணிகள்தான். ஒன்று புகைப்போக்கிக்கு நேர் கீழே இருக்கும். எல்லாத் திருகாணியையும் கழற்றியும் வரவில்லையென்றால் இழுக்காதீர்கள், இன்னொன்று ஒளிந்திருக்கிறது. ஒவ்வொரு படியிலும் கைபேசியில் ஒரு படம் எடுங்கள். திருகாணிகளை ஒரு தாளில் இன்ஜினின் படம் வரைந்து, அதே இடத்தில் டேப் போட்டு ஒட்டி வையுங்கள்.

சக்கரங்களையும் இணைப்புத் தண்டுகளையும் மட்டும் பிரிக்க வேண்டாம். ஒவ்வொரு பக்கத்திலும் நாலு பெரிய சக்கரமும் ஒரே கோணத்தில் நின்றால்தான் ஓடும். ஒரு பல் தவறினாலும் நொண்டும்.

பழைய பெயிண்ட்டைச் சுரண்டி எடுத்தே ஆகணுமா?

அவசியமில்லை. கம்பெனிப் பெயிண்ட் மெலிதாக, சீராக இருந்தால் 1000 எண் உப்புத்தாளை நனைத்து லேசாகத் தேய்த்துவிட்டு அதன் மேலேயே அடிக்கலாம். முன்னால் யாரோ தடிமனாக அடித்து ஆணித்தலைகள் மூழ்கிப் போயிருந்தால் எடுக்கத்தான் வேண்டும்.

பிளாஸ்டிக்குக்கு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் போதும். மூடியுள்ள டப்பாவில் ஊறவைத்து, பத்துப் பதினைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை பல்துலக்கியால் தேய்த்துப் பாருங்கள். முதலில் உட்புறத்தில் ஒரு மூலையில் சோதித்துவிட்டுத்தான் முழுதாக முக்க வேண்டும். ஹார்டுவேர் கடைத் தின்னரைக் கிட்டவே கொண்டுவராதீர்கள். அது பெயிண்ட்டோடு பிளாஸ்டிக்கையும் கரைத்துவிடும்.

ஏர்பிரஷ் வாங்கியே ஆகணுமா? டப்பா ஸ்ப்ரே போதாதா? வெறும் பிரஷ்?

முதல் இன்ஜினுக்கு டப்பா ஸ்ப்ரே போதும். ஒரு சாண் தூரத்தில் பிடித்து, இன்ஜினுக்கு வெளியே தொடங்கி, அதைக் கடந்து வெளியே போய் நிறுத்த வேண்டும். ஒரே அடியில் மூட நினைத்தால் வழியும். மெலிதாக மூன்று தடவை அடியுங்கள், ஒவ்வொன்றுக்கும் நடுவே இருபது நிமிஷம். மின்விசிறியை அணைத்துவிடுங்கள். அடித்து முடித்ததும் மேலே ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்துவிட்டால் தூசி படியாது. மொட்டை மாடியில் அடிப்பதானால் காலை எட்டு மணிக்குள் முடியுங்கள். வெயில் ஏறினால் பெயிண்ட் காற்றிலேயே காய்ந்து, மாவு தூவினதுபோல் சொரசொரப்பாக உட்காரும்.

காற்றழுத்தத்தில் பெயிண்ட்டைத் தூவும் ஏர்பிரஷ் வந்தால் வேலை நயமாகும், சந்தேகமில்லை. 0.3 மி.மீ. முனை, 15 முதல் 20 பிஎஸ்ஐ அழுத்தம், பெயிண்ட் பால் பதம். நம் ஊர் வெக்கையில் அக்ரிலிக் பெயிண்ட் முனையிலேயே காய்ந்து அடைக்கும். உலர்வைத் தாமதப்படுத்தும் திரவம் இரண்டு சொட்டு கலந்துகொள்ளுங்கள். பிரஷ்ஷை நான் சின்னச் சின்னப் பாகங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன். கொதிகலன் போன்ற வளைந்த பெரிய பரப்பில் பிரஷ் தடம் போகாது. எதில் அடித்தாலும் மூக்குக்கு முகமூடியும் திறந்த ஜன்னலும் வேண்டும், பக்கத்தில் அடுப்போ விளக்கோ கூடாது.

கருப்புதானே? ஒரு டப்பா கருப்பு வாங்கி அடிச்சா முடிஞ்சுதே?

எனக்கு மிகப் பிடித்த கேள்வி. தோசைக்கல்லின் கருப்பும் குடைத்துணியின் கருப்பும் அடுப்பங்கரைச் சுவரின் கருப்பும் ஒன்றா? நீராவி இன்ஜினில் குறைந்தது நாலு கருப்பு இருக்கிறது. பெயிண்ட் வேலையில் பாதி அந்த நாலையும் பிரித்துக் காட்டுவதுதான்.

முதலாவது, கொதிகலனும் கேபின் பக்கங்களும். கொதிகலனைச் சுற்றிச் சூடு போகாமல் காப்புப்பொருள் வைத்து, அதன் மேல் தகடு சுற்றியிருப்பார்கள். நாம் பார்ப்பது அந்தத் தகட்டைத்தான். துடைத்த இன்ஜினில் இது லேசான எண்ணெய் மினுமினுப்போடு இருக்கும். இரண்டாவது, முன்பக்கப் புகைப்பெட்டி. இங்கே காப்பு கிடையாது. சூடு நேராகத் தாக்குவதால் பெயிண்ட் வெந்து, மினுக்கம் போய், சாம்பல் கலந்த கருப்பாகிவிடும். மூன்றாவது, கேபின் கூரையும், பின்னால் கரியும் தண்ணீரும் சுமந்து வரும் டெண்டரின் மேல்தளமும். கரித்தூளும் புகையும் படிந்து, வெயிலில் வெளிறிய கருப்பு. நாலாவது, சட்டமும் சக்கரமும். பிரேக் கட்டையின் இரும்புத்தூளும் தடத்து மண்ணும் எண்ணெயும் சேர்ந்து கிட்டத்தட்டக் காப்பிக்கொட்டை நிறம்.

டப்பாவிலிருந்து வரும் சுத்தக் கருப்பை இவற்றில் எதற்குமே நான் அடிப்பதில்லை. கைக்குள் அடங்கும் பொருளில் சுத்தக் கருப்பு அடித்தால் அது நிழல்போல் ஆகி, நீங்கள் கஷ்டப்பட்டு ஒட்டிய குழாயும் ஆணியும் கண்ணுக்கே படாது. பத்துச் சொட்டு கருப்புக்கு ஒரு சொட்டு வெள்ளை, அரைச் சொட்டு பிரவுன். இதுதான் என் அடிப்படைக் கலவை. புகைப்பெட்டிக்கு வெள்ளையைக் கூட்டுவேன், சட்டத்துக்குப் பிரவுனை. டப்பா ஸ்ப்ரே என்றால் கருப்புக்குப் பதில் கருஞ்சாம்பல் நிறம் வாங்குங்கள். பக்கத்தில் வேறு கருப்பு இல்லாதவரை அது கருப்பாகத்தான் தெரியும்.

முன்னாடி இருக்குற சிவப்புப் பலகை எனக்கு மட்டும் செங்கல் கலர்ல வருதே?

கருப்பின் மேல் நேராகச் சிவப்பு அடித்திருப்பீர்கள். பஃபர் பலகைக்கு முதலில் வெள்ளை அல்லது ரோஸ் நிறம் அடித்து, அதன் மேல் சிவப்பை அடியுங்கள். இன்னும் சுலபம், சிவப்பை முதலில் முடித்து, டேப்பால் மறைத்துவிட்டுக் கருப்பை அடிப்பது. டேப்பை ஒட்டுவதற்குமுன் உள்ளங்கையில் இரண்டு தடவை ஒட்டி எடுங்கள். பசை வேகம் குறைந்து, கீழே இருக்கும் பெயிண்ட்டைப் பிய்க்காது.

ஐப்பசி மாசம் அடிச்சேன், காலையில பார்த்தா பூசணம் பூத்த மாதிரி வெள்ளையா இருக்கு. டப்பா கெட்டுப்போச்சா?

டப்பா நன்றாகத்தான் இருக்கிறது. காற்றில் ஈரம் அதிகம். லாக்கர் வகைப் பெயிண்ட்டில் கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது அந்த இடம் சில்லென்று ஆகும். காற்றிலிருக்கும் ஈரம் அங்கே பனித்துளிபோல் படிந்து பெயிண்ட்டுக்குள் மாட்டிக்கொள்கிறது. வெளுத்துத் தெரிவது அதுதான். வார்னிஷில் இது இன்னும் மோசமாகத் தெரியும்.

சுரண்ட வேண்டாம். வறண்ட நாளில் அதே பெயிண்ட்டை மிக மெலிதாக ஒரு தடவை ஈரமாக அடித்தால் கரைப்பான் உள்ளே போய் ஈரத்தை வெளியே விடும். பாதிக்குமேல் சரியாகிவிடும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நான் லாக்கரைத் தொடுவதே இல்லை. அந்த இரண்டு மாதமும் கம்பி வளைக்கிற வேலை, ஒட்டுகிற வேலை.

இதற்குப் பங்காளி இன்னொன்று: சூப்பர் குளூ போட்ட இடத்தைச் சுற்றி வெண்படலம். அதன் ஆவி, கேபின் கண்ணாடியில் படிந்தால் போகவே போகாது. கண்ணாடிக்கு வெள்ளைப் பசைதான், அதையும் கடைசியில்தான் ஒட்ட வேண்டும்.

கைப்பிடிக் கம்பி, குழாய் எல்லாம் எங்கே வாங்குறீங்க?

பாதி வீட்டிலேயே கிடைக்கிறது. நிஜக் கைப்பிடிக் கம்பி ஒன்றேகால், ஒன்றரை அங்குலக் குழாய். 87ஆல் வகுத்தால் ஏறக்குறைய 0.4 மி.மீ. அந்தத் தடிமனில் பித்தளைக் கம்பி நல்லது. பழைய ஒயருக்குள் இருக்கும் செம்புக் கம்பி சுலபமாக வளையும், ஆனால் கை பட்டாலே நெளியும். அதனால் தண்ணீர்க்குழாய், பிரேக்குக்கான வாக்குவம் குழாய் போன்ற வளைசல்களுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். செம்புக் கம்பியை நேராக்க, ஒரு நுனியைக் குறட்டில் பிடித்து மறுநுனியை வெடுக்கென்று இழுத்தால் போதும். விசிலுக்கு, பயன்படுத்தாத ஊசி சிரிஞ்சின் குழாயை முனை நீக்கி வெட்டிக்கொண்டேன்.

துளை போட 0.4 மி.மீ. டிரில் பிட்டும் கையால் சுழற்றும் பிடியும் வேண்டும். பிட் ஐந்தாறாக வாங்கி வையுங்கள், உடையும். முதலில் ஊசியால் ஒரு குழி குத்தாமல் துளைக்கத் தொடங்கினால் வழுக்கிக்கொண்டு போய்க் கோடு கிழிக்கும்.

எவ்வளவு சேர்ப்பது என்பதில் ஓர் அபிப்பிராயம் உண்டு. கடையில் அச்சாக வார்த்துக் கொதிகலனோடு ஒட்டினாற்போல் வரும் கைப்பிடியைச் சீவி எடுத்துவிட்டு, வெளிச்சம் புகுந்து போகும்படி நிஜக் கம்பி போட்டாலே இன்ஜின் வேறு ஆளாகிவிடும். அப்புறம் முகப்பில் பஃபர், கொக்கி, வாக்குவம் குழாய். கேபினுக்குள் டிரைவரும் இரண்டு ஃபயர்மேன்களும். எச்ஓ ஆள் உயரம் 20 மி.மீ. இருக்கும், தலையில் ஒரு துண்டு கட்டிவிடுங்கள். இதற்குமேல் போடுவதெல்லாம் உங்கள் ஆசைக்கு. இரண்டடி தள்ளி நின்று பார்ப்பவருக்குத் தெரியாது.

நம்பரும் எழுத்தும் எப்படி இவ்வளவு பொடியா எழுதினீங்க?

எழுதவில்லை, டெக்கால். தண்ணீரில் நனைத்தால் தாளிலிருந்து நழுவி வரும் மெல்லிய படலம். டெக்கால் தாளில் வீட்டுப் பிரிண்டரிலேயே அச்சிடலாம். ஒரு சிக்கல், சாதாரணப் பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது. அதனால் வெள்ளை டெக்கால் தாளில் கருப்புப் பட்டை அச்சிட்டு, எழுத்தின் இடத்தை மட்டும் காலியாக விட்டேன். தாளின் வெள்ளையே எழுத்தாகிவிட்டது. பட்டையின் கருப்பும் இன்ஜினின் கருப்பும் ஒத்துப் போகாதே என்று பயப்பட வேண்டாம், மேலே அழுக்கு ஏறும்போது இரண்டும் கலந்துவிடும். கேபின் பக்கத்தில் ஆங்கிலத்தோடு தேவநாகரியும் இருக்க வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

டெக்காலை மினுக்கமில்லாத மேட் பரப்பில் நேராக ஒட்டினால் அடியில் காற்று மாட்டி வெள்ளி நிறத்தில் மின்னும். முதலில் அந்த இடத்தில் கிளாஸ் வார்னிஷ் அடித்து வழுவழுப்பாக்கி, டெக்காலை ஒட்டி, காய்ந்தபின் முழு இன்ஜினுக்கும் அரை மினுக்கச் சாட்டின் அல்லது மேட் வார்னிஷ் அடியுங்கள். மழைக்கால எச்சரிக்கை இங்கேயும் உண்டு.

நல்லா அடிச்சு முடிச்சுட்டு ஏன் சார் நீங்களே அழுக்காக்குறீங்க?

பெரும்பாலும் மாமிகள் கேட்பது. நியாயமான கேள்விதான்.

அழுக்கு சும்மா வருவதில்லை, ஒவ்வொரு கறைக்கும் ஒரு காரணம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு வைத்தால் பார்ப்பவருக்கு “ஆமாம், இப்படித்தான் இருக்கும்” என்று படும். தெரியாமல் எங்கும் பிரவுன் தெளித்தால் சேற்றில் விழுந்து எழுந்ததுபோல் இருக்கும். போர் தண்ணீர் வரும் வீட்டில் வாளியின் விளிம்பில் வெள்ளையாக உப்புப் படிந்திருக்குமே, அதே உப்பு கொதிகலன் தண்ணீரிலும் உண்டு. நீராவி கசியும் இடத்தில் தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு தங்கும். ஆகவே சேஃப்டி வால்வு, குழாய் மூட்டுகள், கொதிகலனுக்குத் தண்ணீர் செலுத்தும் இன்ஜெக்டர் இவற்றுக்குக் கீழே வெண்கோடுகள் வழியும். டெண்டரில் தண்ணீர் ஊற்றும் வாய்க்குக் கீழேயும் வழியும். மெல்லிய பிரஷ்ஷால் வெளிர்சாம்பல் நிறத்தில் மேலிருந்து கீழே இழுத்து, ஈரப் பஞ்சால் பாதியைத் துடைத்துவிடுங்கள். அந்தத் துடைப்பில்தான் அது நிஜமாகிறது.

சாம்பல், புகைப்பெட்டிக் கதவின் கீழ் விளிம்பில். உள்ளே சேர்ந்ததை அந்த வழியாகத்தான் வாரிக் கொட்டுவார்கள். நம் நாட்டு நிலக்கரியில் சாம்பல் அதிகம், ஆகவே தாராளமாகவே வைக்கலாம். கரிப்புகை, புகைப்போக்கிக்குப் பின்னால் கொதிகலனின் முதுகில், பக்கங்களில் அல்ல. எண்ணெய், இணைப்புத் தண்டின் மூட்டுகளில் கருத்து மினுங்கும். தண்டு ஓயாமல் எண்ணெய் காண்பது, அதில் துரு வைக்காதீர்கள். ஆட்கள் ஏறும் படியின் விளிம்பிலும், கேபின் கைப்பிடியிலும் பெயிண்ட் தேய்ந்து இரும்பு தெரியும். அங்கே பென்சில் முனையால் ஒரு தேய்ப்பு.

சாமான் என்று பார்த்தால் ஓவியக்கடையில் கிடைக்கும் உலர் பேஸ்டல் கட்டி போதும். எண்ணெய்ப் பேஸ்டல் வேண்டாம். உப்புத்தாளில் தேய்த்துப் பொடியாக்கி, மெத்தென்ற பிரஷ்ஷால் தடவுங்கள். மேட் பரப்பில்தான் பொடி பிடிக்கும். மேலே வார்னிஷ் அடித்தால் பாதிப் பொடி மாயமாகும், அதனால் கொஞ்சம் கூடுதலாகவே வைக்க வேண்டும். சக்கரத்தை அழுக்காக்கும்போது இரண்டு ஒயரில் மின்சாரம் கொடுத்து மெதுவாகச் சுழலவிட்டு அடியுங்கள். நிறுத்தி வைத்து அடித்தால் தண்டுக்குப் பின்னால் சுத்தமான கோடு விழுந்து காட்டிக்கொடுத்துவிடும்.

டெண்டர்ல நிஜக் கரியா? இஸ்திரி வண்டிக்காரர்கிட்ட வாங்கினதா?

இஸ்திரி வண்டியில் இருப்பது மரக்கரி. அதை உடைத்தால் மினுக்கமில்லாமல் தூளாகும். நிலக்கரி உடைந்த முகத்தில் மின்னும். என் டெண்டரில் இருப்பது நிலக்கரியே. துணியில் சுற்றிச் சுத்தியலால் தட்டி, டீ வடிகட்டியில் சலித்து, ஒன்று முதல் இரண்டு மி.மீ. துண்டுகளை எடுத்தேன். 87 கணக்கில் அது சாணுக்கும் குறைவான கட்டிகள். கீழே தெர்மாகோல் மேடு வைத்து, நீர்த்த வெள்ளைப் பசையைச் சொட்டுச்சொட்டாக விட்டு உறையவைத்தேன். இஸ்திரிக் கரியும் வீணில்லை, அதன் தூள்தான் என் புகைப்போக்கிப் பொடி.

எல்லாம் முடிஞ்சு பார்த்தா ஓடவே மாட்டேங்குது, முக்கி முக்கி நிக்குது. மோட்டார் போச்சா?

பத்தில் எட்டுத் தடவை, சக்கரத்தின் ஓடும் விளிம்பில் பெயிண்ட் ஏறியிருக்கும். மின்சாரம் தண்டவாளத்திலிருந்து அந்த விளிம்பு வழியாகத்தான் உள்ளே போகிறது. ஐசோப்ரொப்பைல் தொட்ட பஞ்சால் சக்கரம் சக்கரமாகத் துடைத்து இரும்பு பளிச்சிட வையுங்கள். நிஜத்திலும் அந்த விளிம்பு பளிச்சென்றுதான் இருக்கும். இன்ஜினையும் டெண்டரையும் இணைக்கும் கொக்கி வழியாகவும் சில மாடல்களில் மின்சாரம் போகும், அங்கேயும் பாருங்கள்.

அதுவும் இல்லையென்றால் நீங்கள் புதிதாக ஒட்டிய உலோகக் குழாய் ஏதோ சக்கரத்தைத் தொட்டு ஷார்ட் ஆகிறது. விளக்கை அணைத்துவிட்டு ஓட்டுங்கள், பொறி தெறிக்கும் இடம் தெரியும். கடைசியாக எண்ணெய். நான் போடுவது தையல் மெஷின் எண்ணெய், ஊசிமுனையில் ஒரு சொட்டு. அதற்குமேல் போட்டால் சக்கரத்துக்கு வழிந்து, மறுபடி துடைக்க வேண்டிவரும்.

நேர்ல நல்லா ஓடுது, வளைவு வந்தா கவிழ்ந்துடுதே?

நுணுக்க வேலைக்கும் வளைவுக்கும் எப்போதும் சண்டைதான். எட்டடிக்கு நாலடிப் பலகையில் வளைவின் ஆரம் 18 அல்லது 22 அங்குலம்தான் வரும், நிஜ இன்ஜின் கனவிலும் திரும்பாத வளைவு. முன்பக்கச் சிறு சக்கரங்கள் பக்கவாட்டில் நிறைய ஆட வேண்டும். நீங்கள் ஒட்டிய படியோ குழாயோ அதை மறித்தால் தடம் புரளும். வளைவில் இன்ஜினைக் கையால் தள்ளிக்கொண்டே போங்கள், முட்டும் இடம் தெரியும். அந்தப் பாகத்தை அரை மில்லிமீட்டர் சீவினால் பல நேரம் தீர்ந்துவிடும். பஃபர்கள் முட்டிக்கொள்வதற்கும் இதே வைத்தியம், இல்லையென்றால் இன்ஜினுக்கும் முதல் வேகனுக்கும் நடுவே கொக்கியைச் சற்று நீளமாக்குங்கள்.

நிஜ இன்ஜினை இப்போ எங்கே போய்ப் பார்க்குறது?

சென்னையில் ஐசிஎஃப் பக்கத்திலுள்ள ரயில் அருங்காட்சியகம், திருச்சி ரயில் அருங்காட்சியகம், டெல்லிப் பக்கம் போனால் தேசிய ரயில் அருங்காட்சியகம். ஆனால் அங்கே நிற்பவை விழாவுக்கு உடுத்தினாற்போல் சிவப்பும் மஞ்சளும் கோடு போட்டுப் புதுப் பெயிண்ட்டில் இருக்கும். குழாய் எங்கே போகிறது, ஆணி எத்தனை என்று பார்க்க அவை சரி, நிறத்துக்கு நம்பாதீர்கள். நிறத்துக்கு மேட்டுப்பாளையம் போங்கள். நீலகிரி மலை ரயிலின் இன்ஜின் குறுகலான பாதையில் ஓடுவது, நீல நிறம், பெரும்பாலும் எண்ணெயில் எரிவது. இருந்தாலும் வேலை செய்கிற இன்ஜின். தண்ணீர் எங்கே வழிகிறது, கை படும் இடம் எப்படித் தேய்கிறது என்று குன்னூர் வரைக்கும் பார்த்துக்கொண்டே போகலாம். நின்ற இடத்தில் பக்கவாட்டில் நேராக ஒரு படம் எடுங்கள், அதுதான் பின்னால் உதவும்.

மாமா, கையில எடுத்துப் பார்க்கட்டுமா?

பார்க்கலாம். முதலில் சுண்டல் கையைக் கழுவிக்கொண்டு வா. கம்பியிலும் தண்டிலும் விரல் படாமல், ஒரு கை கொதிகலனுக்கு அடியில், இன்னொரு கை டெண்டருக்கு அடியில். கொதிகலன் முதுகை மட்டும் தொடாதே, அங்கே இருக்கும் கரிப்பொடி உன் பட்டுப்பாவாடைக்கு வந்துவிடும்.